பானையில் தண்ணீர்

பிப்ரவரி 11

அண்ணி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில், விலாசத்தை எங்கள் அலுவலகக் கிளார்க் அம்மாவிடம் எழுதி வாங்கினேன். இந்தச் சின்னப் பித்தலாட்டத்துக்கு முதலில் மன்னிப்பு.

எல்லோரும் சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க இப்போது எனக்கு உரிமை இல்லை. அண்ணன் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. அதில் ஒரு வருடத்துக்கு மேலாக நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள எழுதவில்லை. ஒரு விஷயத்தை வேறு யார் வாயாலோ நீங்கள் கேட்கும்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நானும் அண்ணனும் நான்கு வருடத்துக்கு முன்னால் வெளியிட்ட கட்டுரை தவறு. பானையில் தண்ணீர் இல்லை.

அந்தக் கிரகத்துக்குப் பட்டியலில் இருப்பது எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு பெயர். அதைப் பானை என்று கூப்பிட ஆரம்பித்தவர் அண்ணன்தான். தன் நட்சத்திரத்தை அவ்வளவு ஒட்டிச் சுற்றுவதால், “உள்ள என்ன இருக்கோ தெரியாது, அடுப்பு மேல இருக்கு” என்று சொல்லிச் சிரிப்பார். நீராவி இருக்கிறது என்று நாங்கள் எழுதினோம். பத்திரிகைக்காரர்கள் அதைத் தண்ணீர் ஆக்கி, தண்ணீரைக் கடல் ஆக்கினார்கள். இப்போது விண்வெளித் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தை மேலும் ஐந்து முறை பார்த்து முடித்துவிட்டது. மூன்று பேர் தனித்தனியாக அலசினோம். மூன்று பேருக்கும் ஒரே விடைதான் வந்தது.

பாப்பா தன் வகுப்பில் எழுந்து நின்று அப்பாவின் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசியது எனக்குத் தெரியும். அண்ணன் வேலை பார்த்த நிறுவனத்தில் ஜூன் மாதம் கருத்தரங்கக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். நாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். கட்டுரையின் முதல் ஆசிரியர் அண்ணன் என்பதால், அவர் சார்பில் உங்கள் சம்மதத்தை அதை வெளியிட்ட இதழ் கேட்கிறது.

சின்னவன்


பிப்ரவரி 20

தம்பி,

கடிதம் வந்தது. பிரித்தவள் பாப்பா. உள்ளே உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, “சித்தப்பா எழுதியிருக்கார்” என்று சமையலறைக்கு ஓடிவந்தாள். கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

இதை எக்ஸ்ரே பிரிவில், மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினாறு வருடமாக மனிதர்களின் உடம்புக்குள் இருப்பதைப் படம் பிடிக்கிற வேலை எனக்கு. ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துச் சுற்றி வளைக்கவும் வேண்டாம். தெரிந்தவள் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம்.

அவர் உயிரோடு இருந்த மூன்று வருடம் அந்தக் கட்டுரை சரியாக இருந்தது. அவர் போனதும் தவறாகிவிட்டது. பதில் சொல்ல ஆள் இல்லாத இடம் பார்த்துத்தான் தவறெல்லாம் போய்ச் சேரும் போலிருக்கிறது.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவர் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விடுப்பை நீட்டிக்கக் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வருகிறேன், நீங்கள் அவருடைய அறையில் தரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைக் கடை பரப்பி வைத்திருக்கிறீர்கள். அழுதுகொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் நானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். அவருடைய உழைப்பில் மிச்சம் மீதி இருப்பதையும் வாரிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இனி இங்கே வராதீர்கள் என்று சொன்னது அதனால்தான். சொன்னதை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் அந்தப் பெயர் வைக்கிற நாள் முடியட்டும். அதன் பிறகு உங்கள் இஷ்டம். நாற்பத்தெட்டு ஒளியாண்டு தூரத்தில் இருப்பது நான்கு மாதத்தில் எங்கே ஓடிவிடப் போகிறது?

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

பதில் எழுதினீர்களே, அதுவே பெரிது.

பொறுக்க முடியுமானால் பொறுத்திருப்பேன். தொலைநோக்கியின் அடுத்த வருட நேரத்தைப் பங்கிடும் குழு ஏப்ரல் கடைசியில் கூடுகிறது. எங்கள் கட்டுரையை நம்பி, வேறொரு நிறுவனத்துப் பெண் விஞ்ஞானி ஒருவரின் குழு பானையைப் பார்க்க அறுபது மணி நேரம் கேட்டிருக்கிறது. கிடைத்துவிடும் என்று பேச்சு. அப்படிப்பட்ட கண் வானத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இல்லாத தண்ணீரைத் தேடி அறுபது மணி நேரம் போனால், யாரோ பார்த்திருக்க வேண்டிய ஒரு கிரகமோ, மிகப் பழைய ஒரு விண்மீன் மண்டலமோ பார்க்கப்படாமலே போகும்.

மறைக்க வேண்டாம் என்றீர்கள். தவறு எங்கே நடந்தது என்று சொல்கிறேன்.

கிரகத்தை நாங்கள் நேராகப் பார்ப்பதில்லை. அது தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போகிற ஐம்பது நிமிடமும் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம். கிரகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால் அந்த வெளிச்சத்தில் துளி அதற்குள் புகுந்து வரும். காற்றில் நீராவி இருந்தால் சில நிறங்களை விழுங்கிவிடும். அந்தக் குறைவை இரண்டு முறை பார்த்தோம், நீராவி என்று எழுதினோம். ஆனால் பானையின் நட்சத்திரம் நம் சூரியன் மாதிரி இல்லை. சிறியது, சிவந்தது, சூடு குறைந்தது. அதன் மேல் கரும்புள்ளிகள் உண்டு. புள்ளி இருக்கும் இடம் இன்னும் குளிர்ந்திருப்பதால் அங்கேயே நீராவி இருக்கும். நாங்கள் கண்ட தண்ணீர் நட்சத்திரத்தின் முகத்தில் இருந்தது. இப்போது எடுத்த ஐந்தில், முதல் தடவை அடையாளம் பலமாகத் தெரிந்தது, மூன்றாம் தடவை காணோம், ஐந்தாம் தடவை திரும்ப வந்தது. கிரகத்தின் காற்று அப்படி வந்து வந்து போகாது. நட்சத்திரம் சுழலச் சுழலப் புள்ளிகள்தான் வந்து போகும்.

ஒரு உதவி வேண்டும். அந்த வருடத்துக் குறிப்புகள் எல்லாம் அண்ணனுடைய மூன்றாவது நீல நோட்டில் இருக்கின்றன. திருத்தம் எழுத அது தேவைப்படலாம். நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்து மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம். அப்படியே பார்சலில் போட்டுவிடுங்கள், போதும்.

சின்னவன்


மார்ச் 15

தம்பி,

பிரிக்க வேண்டாம் என்று எழுதியதால்தான் பிரித்தேன். அது வரைக்கும் அந்த அலமாரிப் பக்கமே நான் போனதில்லை.

முதலில் நீங்கள் விளக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. புரிந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் உருண்டையாக ஒரு நிழல் விழும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அதைப் பார்த்து அரண்டு போவார்கள். அது வியாதியா பொத்தானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கழற்றச் சொல்லித் திரும்ப எடுப்பது. திரும்ப எடுக்காமல் யாரும் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அதனால், நோட்டைப் படிக்கும்போது என் கண் திரும்ப எடுத்தார்களா என்றுதான் தேடியது. முக்கால்வாசி எனக்குப் புரியாத வளைகோடுகள். ஓரங்களில் பால் வாங்க வேண்டும், பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று நமக்குத் தெரிந்த விஷயங்கள். நடுவில் ஒரு பக்கத்தில் இது இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

“இரண்டு முறை போதாது. நட்சத்திரத்தின் கறையாகவும் இருக்கலாம். மூன்றாவது முறை பார்க்காமல் அனுப்பக்கூடாது. அவனிடம் சொல்ல வேண்டும்.”

அதற்குக் கீழே, அடுத்த நாள் தேதி போட்டு: “சொன்னேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை.”

அதற்கும் கீழே: “சரி என்று சொல்லிவிட்டேன். கறையாக இருக்கலாம் என்று ஒரு வரியாவது கட்டுரையில் இருக்க வேண்டும்.”

நான் அதோடு விடவில்லை. அவருடைய நிறுவனத்துக்குப் போய், நூலகத்தில் அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கினேன். எல்லாரும் ஏதோ துக்கத்தில் வந்திருக்கிறேன் என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நூலகரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பதினோரு பக்கத்தையும் வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு வரி எங்கேயும் இல்லை.

அதை எடுத்தது யார்?

அன்றைக்கு எங்கள் வீட்டில் நீங்கள் தரையில் உட்கார்ந்து தேடியது இந்தப் பக்கத்தைத்தானா?

இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு சம்மதத்தைப் பற்றிப் பேசலாம். நோட்டு என்னிடமே இருக்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். நான்தான். அதைத்தான்.

இதை எழுத இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான்கைந்து முறை ஆரம்பித்தேன். ஒவ்வொன்றிலும் என்னை அறியாமல் எனக்கு ஒரு சாக்கு நுழைந்துவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த வருடம் செப்டம்பரோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. பெரிதாக ஒன்று வெளிவந்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதே நட்சத்திரத்தை இன்னொரு குழுவும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிய வந்தது. அண்ணன் போன் செய்து, மூன்றாவது முறை பார்த்துவிடலாம், விண்ணப்பம் போடுவோம் என்றார். விண்ணப்பம் என்றால் இன்னும் ஒரு வருடம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“உனக்கென்னண்ணா, உன் வேலை கல்லு மாதிரி நிக்குது. நான் செப்டம்பருக்கு அப்புறம் வீட்டு மொட்டை மாடில நின்னு வெறுங்கண்ணால நட்சத்திரம் பாக்கணும். அதான் உனக்கு வேணுமா?”

அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “சரி, அனுப்பு. அந்தக் கறை விஷயம் ஒரு வரி மட்டும் இருக்கட்டும்” என்றார்.

எழுதினேன், இருந்தது. அனுப்புகிற அன்று மத்தியானம், அந்த வரியைப் படித்தால் ஆசிரியர் குழு திருப்பி அனுப்பிவிடும் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். வெளியான பிறகு படித்துவிட்டு, “அந்த வரி எங்கடா?” என்று கேட்டார். இதழ்காரர்கள் நீளத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நம்பினாரா, நம்பியதுபோல் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு வேலை நிரந்தரமானது. நீங்கள் இனிப்பு வாங்கி அனுப்பினீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை மறைத்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். இப்போது வந்திருக்கும் ஐந்து பார்வையும் அண்ணன் கேட்டவை. கட்டுரை வெளியான அடுத்த வருடமே அவர் விண்ணப்பம் போட்டார். மறுத்தார்கள். திரும்பப் போட்டார். அதையும் மறுத்தார்கள். மூன்றாவது விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தபோது, அவர் நிறுவனத்து மாடிப்படியில் விழுந்து இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அனுமதிக் கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. விண்ணப்பத்தின் தலைப்பே, தண்ணீர் கிரகத்தினுடையதா நட்சத்திரத்தினுடையதா என்பதுதான். அதைப் பார்த்ததும்தான் அவர் எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரே என்ற பயம் வந்தது. மறுநாளே வண்டி ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். பக்கம் அகப்பட்டிருந்தால் கிழித்திருப்பேன். அகப்படுவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். அதற்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும், இப்போது அது புரிகிறது.

நான் முதலில் எழுதிய திருத்தத்தில் ‘ஆரம்பக்கட்ட அலசலில் ஏற்பட்ட பிழை’ என்று இருந்தது. அலசலுக்குப் பொறுப்பு அண்ணன். படிக்கிறவர்கள் எல்லோரும் அவர் பிழை என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் எழுதினேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். முதல் ஆசிரியர் வெளியிடும் முன்பே சந்தேகம் எழுப்பினார், இரண்டாம் ஆசிரியர் அதைச் சேர்க்காமல் அனுப்பினார் என்று நேராகவே இருக்கிறது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தை மாற்றச் சொன்னாலும் மாற்றுகிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 14

தம்பி,

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் வாசகத்தில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் குழு ஆதாரம் கேட்டால் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வலது கை, இடது கை என்று படத்தில் குறிக்கிற எழுத்தைக்கூட மாற்றி வைத்துவிட்டேன். டாக்டர் கவனித்துத் திருப்பி அனுப்பினார். உங்களை என்னென்ன திட்டலாம் என்று மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். அதை எல்லாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் பாப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அப்பா தப்பா சொல்லிட்டாரா?” என்று கேட்டாள்.

“தப்பா இருக்கலாம்னு அப்பாவே சொன்னாரும்மா. யாரும் கேக்கல.”

“உன்கிட்டயும் சொன்னாரா?”

பதினோரு வயதுப் பெண் கேட்கிற கேள்வி இது.

என்னிடமும் சொன்னார், தம்பி. நீங்கள் போன் பேசிய அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு விடுமுறை நாள். சாப்பாடு எடுத்து வைத்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் போனைக் கீழே வைக்காமல் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னொரு தடவை பாத்தா நல்லதும்மா, மனசு ஒப்பல” என்றார். காலையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அந்த நட்சத்திரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு எரிச்சல். “தம்பிக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டு வந்து சாப்பிடுங்க” என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு உங்களிடம் சரி என்றார்.

லைன் போய்விட்டதோ என்று நீங்கள் நினைத்தீர்களே, அந்த நேரத்தில் அவர் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இது உங்கள் பாரத்தைக் குறைப்பதற்காக எழுதியது இல்லை. வரியை எடுத்தது நீங்கள், பொய் சொன்னது நீங்கள், தேடி வந்ததும் நீங்கள். ஆனால் அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்காத ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. பாப்பாவிடம் ஆமாம் என்று சொன்னேன். அவள் ஷூவை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

நிறுவனத்து இயக்குநரை நானே போய்ப் பார்த்தேன். திருத்தம் வருகிறது, கூடத்துக்குப் பெயர் வைப்பதை அது வெளிவந்த பிறகு முடிவு செய்யுங்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி


மே 30

அண்ணி,

திருத்தம் வெளியாகிவிட்டது. அதற்கு முன்பே, நேரத்தைப் பங்கிடும் குழுவுக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். அறுபது மணி நேரக் கோரிக்கையை அந்தப் பெண் விஞ்ஞானி தானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

போன வாரம் ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் எழுதிய பக்கத்தைத் திரையில் காட்டினேன். பால் வாங்கச் சொன்ன ஓரக் குறிப்பும் சேர்ந்தே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பேசி முடித்ததும் அந்தப் பெண் விஞ்ஞானி எழுந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அமைதியாக, “என் மாணவி ஒருத்தி ரெண்டு வருஷமா இந்தக் கிரகத்துத் தண்ணிய வச்சுத்தான் ஆராய்ச்சி எழுதிட்டிருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

மாணவியின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மாணவிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு வழியில்லை.

அடுத்த வருடத் திட்டத்துக்குத் தலைமை ஏற்க இருந்தேன். அதிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. ஜன்னல் இல்லாத ஒரு அறையில், வேறு ஒருவருக்குக் கீழே, தொலைநோக்கியிலிருந்து வரும் தரவில் குப்பையை நீக்கித் தருகிற பொறுப்பு. அதைச் சரியாகச் செய்கிறேன். முன்பு பத்து நிமிடத்தில் தள்ளிவிடுவதை இப்போது ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்ல நல்லதும் ஒன்று இருக்கிறது. அண்ணன் தன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பார்வையும் கேட்டிருந்தார். கிரகம் குறுக்கே போகும்போது மட்டும் இல்லாமல், நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும்போதும் பார்க்க வேண்டும் என்று. மறைவதற்கு முன்னால் வருவது இரண்டின் வெப்பமும் சேர்ந்தது. மறைந்த பிறகு வருவது நட்சத்திரத்தினுடையது மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிரகம். புள்ளிகள் அந்த அளவைக் குழப்ப முடியாது. ஏப்ரலில் அதை எடுத்தார்கள். போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த வளைகோடு என் திரையில் வந்தது. மெதுவாக ஒரு இறக்கம், அப்புறம் தரை மாதிரி மட்டமாகக் கொஞ்ச தூரம், அப்புறம் ஏற்றம். அந்த இறக்கத்தின் அளவிலிருந்து கிரகத்தின் பகல் பக்கத்துச் சூடு தெரிந்தது, முந்நூற்று முப்பது டிகிரி. காற்று இருந்தால் அது சூட்டை இருட்டுப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும், பகல் பக்கம் இவ்வளவு கொதிக்காது. வெறும் பாறை, அண்ணி. தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை.

நாங்கள் தண்ணீர் என்று சொன்னபோது எனக்கு இருந்தது ஒரு வெறி. இதைப் பார்த்தபோது அப்படி இல்லை. அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கேயிருந்து பதில் வந்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனார்கள்.

இதைத் தனிக் கட்டுரையாக எழுதுகிறோம். முதல் பெயர் அண்ணனுடையது. என் பெயர் கடைசியில். உங்களையும் பாப்பாவையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கிறேன், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்.

சின்னவன்


ஆகஸ்ட் 19

தம்பி,

உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அது எனக்கே தெரியவில்லை. சில நாள் தெரிகிற மாதிரி இருக்கிறது, அடுத்த நாள் இல்லை.

ஜூன் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கூடத்துக்கு இருநூற்று நான்கு என்ற எண்தான் இன்னும் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் பெயர் வைக்கலாம் என்றார்களாம், மற்றவர்கள் வேண்டாம் என்றார்களாம். இயக்குநர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் சங்கடப்பட்டார். நான் தண்ணீர் கொடுத்து, வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வலித்தது. அந்தப் பெயர்ப் பலகையைப் பாப்பா ஒரு நாள் பார்ப்பாள் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

பாப்பா நான்கு மாதம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன வாரம் பள்ளியில் ஒரு பெண், உங்க அப்பா கண்டுபிடிச்சது பொய்யாமே என்று கேட்டிருக்கிறாள். இவள் என்ன சொன்னாள் என்று டீச்சர்தான் எனக்குச் சொன்னார். “எங்க அப்பா மூணு தடவ அப்ளிகேஷன் போட்டுக் கேட்டாரு. அப்புறம்தான் இல்லன்னு தெரிஞ்சுது” என்றாளாம். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம்.

நேற்று இதழிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. உங்கள் புதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம், முதல் ஆசிரியரின் விவரங்களை அவர் குடும்பத்தார் சரிபார்க்க வேண்டுமாம். பெயருக்குப் பக்கத்தில் கத்தி மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்து அடிக்கப் போனேன். இறந்தவர்களுக்குப் போடுகிற குறி என்று அடியில் போட்டிருந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குக் கீழே, அச்சுப் பிரதி அனுப்ப முதல் ஆசிரியரின் தற்போதைய விலாசம் என்று ஒரு கட்டம். எல்லோருக்கும் அனுப்புகிற படிவம், யாரோ கவனிக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இதுல என்னம்மா யோசிக்கறதுக்கு இருக்கு?” என்றாள்.

நம் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டேன். பிரதி வருவதற்கு ஒரு மாதம் ஆகுமாம். அது வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நூலகரைத் தொந்தரவு செய்ய எனக்கு இஷ்டம் இல்லை. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் நீங்கள்தான் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் படித்துச் சொல்ல வேண்டும்.

அண்ணி